எங்கே எடுத்தீர்கள்? ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் சான்று காட்டும் முறை

தாமிரபரணியைப் பற்றிய மாணவர் கட்டுரைகளில் ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும். தாமிரபரணிக்குப் பொருநை என்றும் பெயர் உண்டு என்பதால், சங்க காலத்திலேயே இந்த ஆறு பாடப்பட்டிருக்கிறது என்று சொல்லி, 'தண்பொருநைப் புனல் பாயும்' என்ற அடியைக் கொடுத்திருப்பார்கள். அடிக்குறிப்பில் 'புறநானூறு' என்று மட்டும் இருக்கும். பாட்டு எண் இருக்காது.

எண்ணைத் தேடிப் போனால் அது 11ஆம் பாட்டு. பேய்மகள் இளவெயினியார் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பாடியது. அடுத்த அடியே 'விண்பொரு புகழ் விறல்வஞ்சி' என்று தொடங்குகிறது. அதாவது அந்தப் பொருநை சேரர் தலைநகரான வஞ்சியை ஒட்டி ஓடிய ஆறு. பாபநாசத்தில் இறங்கி வரும் நம் ஆறு அல்ல. பாட்டு எண்ணை எழுதியாக வேண்டும் என்றிருந்தால் மாணவர் நூலைப் புரட்டியிருப்பார். புரட்டியிருந்தால் வஞ்சி கண்ணில் பட்டிருக்கும். அவருக்கு உண்மையில் உதவக்கூடிய இடம் கம்பராமாயணத்தில் இருக்கிறது: கிட்கிந்தா காண்டம், நாடவிட்ட படலத்தில், பொதிய மலையைச் சொன்ன கையோடு 'பொருநை எனும் திருநதி' வருகிறது.

சான்று காட்டுவது ஏன் என்று கேட்டால் முதல் பதில் இதுதான். எழுதுகிறவரை மூலத்தின் வாசல் வரை அது இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது, வாசிக்கிறவருக்கு வழி சொல்கிறது. நீங்கள் பார்த்த அதே பக்கத்தை, அதே வரியை, உங்களிடம் கேட்காமலே இன்னொருவர் போய்ப் பார்க்க முடிய வேண்டும். நல்ல அடிக்குறிப்பு, கெட்ட அடிக்குறிப்பு என்று பிரிக்க இதைவிட வேறு அளவுகோல் தேவையில்லை. காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

தண்டனைக்குப் பயந்து செய்வது மூன்றாவது காரணம். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி, 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் மீண்டும் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையும் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுவான சூத்திரங்கள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த விழுக்காட்டைக் குறைப்பதே வேலை என்று நினைத்து ஆய்வை நடத்துவது பெரிய பிழை. மென்பொருள் ஒப்புமையைத்தான் எண்ணுகிறது. நேர்மையை எண்ணத் தெரியாது. ஆங்கில நூலிலிருந்து நான்கு பக்கத்தைத் தமிழாக்கி ஒட்டினால் அது பெரும்பாலும் சுழியம் காட்டும். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் அந்த நூலைப் படித்தவராக இருந்தால், இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். மொழி மாறினாலும் கருத்து அதைச் சொன்னவருக்கே சொந்தம். நீங்களே மொழிபெயர்த்திருந்தால் மேற்கோளுக்குப் பின் மூல நூலின் பக்கத்தையும், 'மொழிபெயர்ப்பு: ஆய்வாளர்' என்ற குறிப்பையும் சேருங்கள்.

குறிப்பு எடுக்கும்போதே தொடங்குங்கள்

முக்கால்வாசித் தவறு ஆய்வேட்டை எழுதும்போது நடப்பதில்லை. ஆறு மாதத்துக்கு முன் நூலகத்தில் குறிப்பு எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நோட்டில் ஒரு பத்தி இருக்கும். அது நூலின் வாசகமா, உங்கள் சுருக்கமா, உங்களுக்கே தோன்றியதா என்பது மறந்து போயிருக்கும். கருத்துத் திருட்டு என்று பேர் வாங்குகிறவர்களில் பலர் திருட நினைத்தவர்கள் இல்லை, குறிப்பைக் குழப்பிக்கொண்டவர்கள்.

இதற்கு மூன்று அடையாளம் போதும். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் ஓர் எழுத்து: அப்படியே எடுத்ததற்கு 'மே', சுருக்கி எழுதியதற்கு 'சு', உங்கள் எண்ணத்துக்கு 'எ'. 'மே' என்று போட்டால் இரட்டை மேற்கோள் குறியையும் அங்கேயே போட்டுவிடுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பை நோட்டில் ஏற்றவே கூடாது.

கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள் வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முதலில் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், அதற்குப் பிறகு உங்களுக்கு வேண்டிய பக்கம், இந்த வரிசையில் எடுங்கள். பதிப்பு, ஆண்டு, வெளியீட்டாளர், ஊர் எல்லாம் தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்பக்கத்திலோதான் பெரும்பாலும் இருக்கும். அதில் ஆண்டைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு 1881இல் வந்தது. பலர் கையில் இருப்பது பிற்காலத்து மறுபதிப்பு. மறுபதிப்பின் ஆண்டை மட்டும் எழுதினால், ஏதோ அண்மையில் வந்த ஆய்வு என்று வாசகர் நினைப்பார். 1881ஐ மட்டும் எழுதினால் பக்க எண் இடறக்கூடும். முதற்பதிப்பு ஆண்டு, கையில் உள்ள பதிப்பின் ஆண்டு என்று இரண்டையும் கொடுங்கள். பக்க எண் கையில் உள்ள பதிப்புக்கு உரியது.

மின்வருடிய நூல்களில் இன்னொரு வழுக்கல். திரையின் ஓரத்தில் தெரியும் எண் கோப்பின் பக்க எண்; அட்டை, முன்னுரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தாளில் அச்சான எண் வேறு. தாளில் உள்ளதையே எழுத வேண்டும். மதுரைத் திட்டம் போன்ற மின்னுரைகளைத் தேடலுக்குப் பயன்படுத்தலாம். மேற்கோளை மட்டும் அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, அந்தப் பதிப்பையே சான்றாகக் கொடுங்கள். சங்கப் பாடல்களில் பாடபேதமும் சொல் பிரிப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

சொல்லை மாற்றினால் போதாது

'சொந்த நடையில் எழுது' என்று நெறியாளர் சொன்னதும் பலர் செய்வது சொல்லுக்குச் சொல் மாற்றுவது. அதில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூலம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரால் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை."

மாணவர் எழுதியது: "தாமிரபரணி நதியின் குறுக்காக எட்டுத் தடுப்பணைகள் இருக்கின்றன. அவற்றில் இறுதியான ஸ்ரீவைகுண்டம் தடுப்பணை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையரால் அமைக்கப்பட்டது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை."

வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. சான்றும் இல்லை. அதைவிட மோசம், அணைக்கட்டு தடுப்பணையாகிவிட்டது. அணைக்கட்டு ஆற்று நீரை வாய்க்காலுக்குத் திருப்புவது; தடுப்பணை ஓடும் நீரைத் தேக்கி நிலத்தடியில் இறக்குவது. சொல்லை மாற்றப் போய்ப் பொருளே மாறிவிட்டது.

சரியான வழி: மூலத்தைப் படியுங்கள், நூலை மூடுங்கள், அது உங்கள் வாதத்துக்கு எதற்குத் தேவை என்று யோசித்து எழுதுங்கள், பிறகு நூலைத் திறந்து எண்ணையும் பெயரையும் சரிபாருங்கள். அப்போது இப்படி வரும்: "ஆற்றுப் பாசனத்தின் பெரும்பகுதி ஆங்கிலேயருக்கு முன்பே அமைந்துவிட்டது, எட்டு அணைக்கட்டுகளில் அவர்கள் கட்டியது ஸ்ரீவைகுண்டம் ஒன்றே." அதன் கடைசியில் சான்று எண். கலைச்சொல் மாறவில்லை. மாறியது அழுத்தம், அது உங்களுடையது.

அப்படியே எடுத்தால் எழுத்து பிசகாமல் எடுக்க வேண்டும். பழைய நூலின் 'லை', 'ணை' எழுத்து வடிவம் இன்றைய எழுத்துருவில் மாறிப் போவது பரவாயில்லை. சொல்லும் சந்தியும் மாறக் கூடாது. விட்ட இடத்தில் மூன்று புள்ளி, நீங்கள் சேர்த்த சொல்லுக்குச் சதுர அடைப்பு, மூலத்திலேயே பிழை இருந்தால் அதன் பக்கத்தில் '[உள்ளபடி]'. ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் 40 சொல்லோ அதற்கு மேலோ இருந்தால் மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்ளே தள்ளி, மேற்கோள் குறியில்லாமல் போட வேண்டும். அது ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. தமிழில் ஒரு சொல் மூன்று ஆங்கிலச் சொல்லின் சுமையைத் தூக்கும். ஆகவே நான்கு வரியைத் தாண்டினால் உள்ளே தள்ளுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

எதற்குச் சான்று வேண்டாம்? திருநெல்வேலி தாமிரபரணிக் கரையில் இருக்கிறது என்பதற்கு வேண்டாம். ஆனால் உங்கள் வாதம் ஒரு தகவலின் மேல் நிற்கிறது என்றால், அது ஊரறிந்ததாக இருந்தாலும் சான்று கொடுங்கள்.

எண்ணும் செய்தியும் அரசாணையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டம் 30,77,233 பேர். இந்த எண்ணை இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு எழுதினால் தவறு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல்; அந்த எண்ணில் தென்காசிப் பகுதியும் அடக்கம். அதேபோல 1981, 1991 கணக்கெடுப்புகளை அருகருகே வைத்தால், பத்தாண்டில் மக்கள் எங்கோ போய்விட்டது போலத் தெரியும். 1986 அக்டோபர் 20இல் தூத்துக்குடி பிரிந்ததுதான் காரணம். புள்ளிவிவரத்துக்குச் சான்று எழுதும்போது ஆண்டும் அட்டவணை எண்ணும் மட்டும் போதாது. எந்த எல்லைக்கு உட்பட்ட எண் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

செய்தித்தாள் நல்ல சான்று, அது செய்தியாக இருக்கும் வரை. சிவகளை அகழாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். '5300 ஆண்டுக்கு முன்பே இரும்பு' என்ற தலைப்பை வைத்து ஒரு இயலே எழுதிவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையிலோ ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனிக் காலக்கணிப்பு இருக்கிறது. அவற்றில் மிகப் பழையதுதான் கி.மு. 3345. எந்த மாதிரி, எந்த ஆய்வகம், எந்தக் காலம் என்று எழுத அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். 'இன்றைக்கு முன்' என்று காலம் கொடுத்திருந்தால், அறிவியல் வழக்கில் அந்த 'இன்று' 1950ஆம் ஆண்டு என்பதையும் மறக்க வேண்டாம். துணைநூற்பட்டியலில் இப்படி வரும்:

ராஜன், கா., சிவானந்தம், இரா. 2025. இரும்பின் தொன்மை. சென்னை: தொல்லியல் துறை, தமிழ்நாடு அரசு.

அறிக்கை கிடைக்கவில்லை, செய்திதான் கிடைத்தது என்றால் செய்தியையே காட்டுங்கள்: நாளிதழின் பெயர், பதிப்பு ஊர், தேதி, பக்கம். ஒரே நாளிதழின் நெல்லைப் பதிப்பில் வந்தது சென்னைப் பதிப்பில் இல்லாமல் போகலாம். படிக்காத அறிக்கையைப் படித்தது போல எழுதுவது மட்டும் கூடாது. ஒருவர் எடுத்தாண்ட மேற்கோளை அவர் நூலிலிருந்து எடுத்தால், 'கால்டுவெல், மேற்கோள்:' என்று தொடங்கி நீங்கள் படித்த நூலின் பெயரையும் பக்கத்தையும் எழுதுங்கள். ஓர் இயலில் இப்படி இரண்டு மூன்றுக்கு மேல் போனால் மூலத்தைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அரசாணைக்கு எண் மட்டும் போட்டால் பயனில்லை. ஒவ்வொரு துறையிலும் ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். எண், துறை, நாள் மூன்றும் வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்தது என்றால் அதையும் சேருங்கள். கல்வெட்டுக்கு, கல்வெட்டியல் ஆண்டறிக்கையின் ஆண்டும் வரிசை எண்ணும் கோயிலில் அது இருக்கும் இடமும் தேவை. ஆண்டறிக்கையில் இருப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். 'கல்வெட்டில் இப்படி உள்ளது' என்று வாசகத்தையே கொடுக்கிறவர்கள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலோ வேறு பதிப்பிலோ முழு வாசகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

களத்தில் கேட்டது

பத்தமடைப் பாய் நெசவு, வில்லுப்பாட்டு, சுடலைமாடன் கொடை, வாய்க்கால் முறை என்று நம் பக்கத்து ஆய்வுகளில் பாதி களப்பணி. இங்கேதான் சான்று மிகவும் மெலிந்து கிடக்கிறது. 'களப்பணியில் கிடைத்த தகவல்' என்ற ஒற்றை வரியில், ஒருவர் வாழ்நாளெல்லாம் கற்றது கரைந்துவிடுகிறது. நூலாசிரியருக்குக் கொடுக்கும் மரியாதையைக் கோரைப்புல்லை நாராகக் கிழித்துக் காட்டிய அம்மாவுக்கும் கொடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

பேட்டிக்கு முன் இரண்டு கேள்விக்கு அனுமதி கேளுங்கள்: ஒலிப்பதிவு செய்யலாமா, பெயரைப் போடலாமா. "எம் பேரப் போட்டுக்கிடுங்க தம்பி" என்று அவர் சொன்னால் பெயரோடு போடுங்கள். பெயரை மறைத்து 'தகவலாளர் 4' ஆக்குவது அவருக்குரியதைப் பறிப்பது. சாதி, கடன், குடும்பத் தகராறு, சாமி கொண்டாடி உரிமை போன்ற விஷயங்களில், அவரே சரி என்றாலும் மறைப்பது நல்லது. அச்சில் வந்த பிறகு ஊரில் இருக்கப் போவது அவர்தான். பெயரை மறைக்கும்போது அடிக்குறிப்பின் மாதிரி:

தகவலாளர் 4, பெண், வயது 58, பாய் நெசவு, பத்தமடை. நேர்காணல்: 14.7.2024. ஒலிப்பதிவு 3, நிமிடம் 12:40.

நிமிடக் கணக்கு நூலின் பக்க எண்ணுக்குச் சமம், விடாதீர்கள். முழுப் பட்டியல் பிற்சேர்க்கையில் வரட்டும். வில்லுப்பாட்டு என்றால் எந்தக் கோயில் கொடை, எந்தத் தேதி, எந்தப் புலவர் குழு என்பதும் வேண்டும். அதே கதை அடுத்த ஊரில் வேறு வரியோடு பாடப்படும். நீங்கள் கேட்டது எது என்று தெரியாமல் ஒப்பீடு செய்ய முடியாது.

பெயர், வரிசை, கணினி

எந்த முறையைப் பின்பற்றுவது என்பதைத் துறையில் கேட்டு முதல் இயலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். தமிழ்த் துறைகளில் அடிக்குறிப்பும் 'மேலது'வும் வழக்கம். சமூக அறிவியலில் அடைப்புக்குள் பெயரும் ஆண்டும். எதுவானாலும் கடைசி வரை ஒன்றே.

'மேலது' பற்றி ஓர் எச்சரிக்கை. அதற்கு நேர் மேலே உள்ள குறிப்பைத்தான் அது சுட்டும். இடையில் புதிதாக ஓர் அடிக்குறிப்பு நுழைந்தால் கீழே உள்ள 'மேலது' தவறான நூலுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆகவே வரைவு முழுதும் 'ஆசிரியர், சுருக்கத் தலைப்பு, ப.' என்று எழுதி வாருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முதல் நாள் மட்டும் 'மேலது' ஆக்குங்கள்.

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ. வடிவம் எதுவானாலும் பெயரை முன்னால் வைத்து, முன்னெழுத்தைக் காற்புள்ளிக்குப் பின் எழுதுங்கள்: வையாபுரிப்பிள்ளை, எஸ். 'பிள்ளை'யைக் குடும்பப் பெயராக்கி 'பிள்ளை, எஸ்.வி.' என்று போட்டால், தேடுகிறவருக்கு அந்த ஆள் அகப்பட மாட்டார்.

அகர வரிசையைக் கணினியிடம் விட்டுவிட்டால் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஒருங்குறியின் எண் வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும் 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும் நிற்கும். புள்ளி வைத்த மெய் உயிர்மெய்க்குப் பின்னால் போகும். நம் நெடுங்கணக்கில் மெய் முதலில். ற, ன கடைசியில். சில செயலிகள் இதைச் சரியாகச் செய்யும், சில செய்யாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஒப்புமை மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றியே ஆக வேண்டும். மொத்தமாக மாற்றினால் ஆங்கில நூல் தலைப்புகளும் தமிழ்க் கிறுக்கலாகிவிடும் என்பதால் அவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் நூல் விவரங்களைச் சேமிக்க நன்றாக உதவும். தமிழ்ப் பதிவுகளுக்கு நடுவே 'அண்ட்', 'எட் ஆல்' என்று வந்து விழுவதைக் கையால் திருத்திக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'திருநெல்வேலி வரலாற்றுக்குத் துணைநூல் கொடு' என்று கேட்டால் பட்டியல் தரும். ஆசிரியர் உண்மையானவர், வெளியீட்டாளர் உண்மை, நூல் மட்டும் உலகத்திலேயே இல்லாததாக இருக்கக்கூடும். அது கொடுத்த எதையும் நூலக அட்டவணையில் பார்க்காமல், கையில் எடுத்துப் பக்கத்தைத் திறக்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். மொழி திருத்தவோ மொழிபெயர்க்கவோ பயன்படுத்தியிருந்தால், துறை அனுமதிக்கும் அளவில், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று முன்னுரையில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அடிக்குறிப்பில் வரும் ஒவ்வொரு நூலும் துணைநூற்பட்டியலில் இருக்கிறதா என்றும், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எங்காவது சுட்டப்பட்டிருக்கிறதா என்றும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்து அடிக்குறிப்பைத் தொட்டு, அந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தோழியிடம் கொடுத்து நூலகத்துக்கு அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு போன் கூடப் போடாமல் பத்துப் பக்கத்தையும் அவர் திறந்துவிட்டால் ஆய்வேட்டைக் கட்டு கட்டக் கொடுக்கலாம். இரண்டில் தடுக்கினால், மிச்சமுள்ள எல்லாக் குறிப்பையும் நீங்களே உட்கார்ந்து திரும்பப் பார்க்க வேண்டும்.